பிரஷர் இருப்பவரின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

தொப்பை விழுந்தால் நம் வீடுகளில் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் மூன்றுதான்: வாயு, வயது, வசதி. பிரஷர் வந்தால் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்று: கோபம். 'இரத்தக் கொதிப்பு' என்ற பெயரே நம்மை அப்படி நினைக்கப் பழக்கிவிட்டது. இரத்தம் யாருக்கும் கொதிப்பதில்லை. குரல் உயர்த்திப் பேசாதவர்களுக்கும் பிரஷர் வருகிறது. தொப்பையும் பிரஷரும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதைத் தினமும் பார்க்கிறோம். ஆனாலும் இரண்டுக்கும் என்ன உறவு என்று யோசிப்பதில்லை.

என் அப்பா 12 ஆண்டுகள் பிரஷர் மாத்திரை சாப்பிட்டார். மாதம் ஒருமுறை கையில் பட்டை கட்டி அளப்பார்கள், சீட்டில் எண்ணை எழுதுவார்கள். அத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் வயிற்றைச் சுற்றி யாரும் டேப் வைத்துப் பார்க்கவில்லை. கையும் காலும் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் வந்திருக்கும். அவரைக் குண்டு என்று எவரும் சொன்னதில்லை. ஒரு மாத்திரை மூன்றானது. பிறகு சர்க்கரையும் வந்தது. இவையெல்லாம் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பிரஷர் என்றால் என்ன?

வீட்டுக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வேகமாக ஓடினால் குழாயில் அழுத்தம் கூடும். உள்ளே தண்ணீரின் அளவு கூடினாலும் கூடும். குழாய் உள்ளே உப்புப் படிந்து குறுகிப்போனாலும் கூடும். உடலில் மோட்டார் இதயம், தண்ணீர் இரத்தம், குழாய்கள் தமனிகள். இரத்தம் ஓடும்போது தமனிகளின் சுவர்மீது கொடுக்கும் விசைதான் இரத்த அழுத்தம். மருத்துவர் '140க்கு 90' என்று சொல்லும்போது, மேல் எண் இதயம் சுருங்கும் நொடியின் அழுத்தம். கீழ் எண் இதயம் தளர்ந்திருக்கும் நேரத்தின் அழுத்தம். வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேலேயே இருந்தால் உயர் இரத்த அழுத்தம் என்பது நம் நாட்டில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு.

வீட்டுக் குழாய்க்கும் உடலுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. உடலுக்குள் ஓடுவது மூடிய சுற்று. அதே இரத்தம் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தச் சுற்றில் எவ்வளவு நீர் தங்கலாம், எவ்வளவு வெளியேற வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை சிறுநீரகங்கள். உப்பு தங்கினால் அதனோடு நீரும் தங்கும். ஆகவே பிரஷரைப் பற்றிப் பேசும்போது இதயத்தை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். மோட்டார், நீரின் அளவு, குழாய் ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக் கொழுப்பு இந்த மூன்றிலும் கை வைக்கிறது.

குதிரில் இருக்கும் நெல்லும் கூடத்தில் குவிந்த நெல்லும்

வயிற்றில் இருப்பது ஒரே வகைக் கொழுப்பு இல்லை. விரல்களால் பிடித்தால் மடிப்பாகக் கையில் வருவது தோலுக்கு அடியில் இருப்பது. அது தோலடிக் கொழுப்பு. இன்னொன்று வயிற்றுத் தசைச் சுவருக்கும் உள்ளே, குடல், கல்லீரல், சிறுநீரகங்களைச் சுற்றி அடைந்திருப்பது. அது உள்ளுறுப்புக் கொழுப்பு. அதைக் கையால் பிடிக்க முடியாது. தட்டினால் கெட்டியாக இருக்கும் தொப்பையைப் பார்த்து 'இது கொழுப்பில்லை, உடம்பு உரம்' என்று பெருமைப்படுபவர்கள் உண்டு. பல நேரங்களில் அந்தக் கெட்டித்தன்மைக்குக் காரணமே, சுவருக்குள்ளிருந்து முட்டித் தள்ளும் இந்தக் கொழுப்புதான்.

பழைய வீடுகளில் அறுவடை நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பார்கள். குதிரில் இருக்கும் நெல்லால் யாருக்கும் தொந்தரவில்லை; பஞ்ச காலத்தில் அதுவே சோறு போடும். தோலடிக் கொழுப்பு அந்தக் குதிர். அளவாக இருக்கும்வரை அது உடலின் சேமிப்பு. குதிர் நிரம்பிய பிறகும் வண்டி வண்டியாக நெல் வந்து இறங்கினால் என்ன செய்வோம்? கூடத்தில் கொட்டுவோம், அடுப்படியில் மூட்டை அடுக்குவோம், நடக்கவும் இடமிருக்காது. அதிலும் ஈர நெல்லை அம்பாரமாகக் குவித்தால் உள்ளே சூடேறி வாடை வரத் தொடங்கும் என்பது விவசாயம் செய்தவர்களுக்குத் தெரியும். உள்ளுறுப்புக் கொழுப்பு அப்படிப்பட்ட குவியல். வைத்த இடத்தில் சும்மா கிடக்காமல், தன்னைச் சுற்றியுள்ள உறுப்புகளைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கும்.

கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம் என்று 1947இலேயே ஒரு மருத்துவர் எழுதினார். பிரான்சின் மார்செய் நகரில் பணியாற்றிய ழான் வாக் என்பவர் அவர். இடுப்புக்குக் கீழும் தொடையிலும் பருத்தவர்களைவிட, மேலுடலிலும் வயிற்றிலும் பருத்தவர்களுக்கே சர்க்கரையும் இதய நோயும் அதிகம் வருவதைக் கவனித்தார். அப்போது பலரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

இதை உறுதிப்படுத்தும் ஒரு சோதனை 2004இல் வெளியானது. அமெரிக்காவில் உடல் பருத்த 15 பெண்களுக்கு வயிற்றின் தோலடிக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். ஆளுக்குச் சுமார் 10 கிலோ கொழுப்பு வெளியே வந்தது. வயிறு கண்ணுக்குத் தெரிய இறங்கியது. ஆனால் 10 முதல் 12 வாரங்களுக்குப் பிறகு பார்த்தபோது இரத்த அழுத்தமும் இரத்தக் கொழுப்பும் இன்சுலின் வேலை செய்யும் திறனும் பழைய நிலையிலேயே இருந்தன. குதிரில் இருந்ததைக் காலி செய்தார்கள். கூடத்துக் குவியலை யாரும் தொடவில்லை. வயிற்றைச் சில மணி நேரத்தில் குறைத்துத் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த 15 பெண்களின் நினைவு வரும்.

'நான் ஒல்லிதானே, எனக்கென்ன?'

நம்மவர்களிடம் இந்தக் கேள்வி மிகவும் ஆபத்தானது. உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் எண்ணை பி.எம்.ஐ. என்பார்கள்; எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யூட்கினும் 2004இல் தங்கள் இருவரின் உடலையே அளந்து, படத்துடன் வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே: 22.3. ஆனால் யூட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். எடை இயந்திரம் இருவரையும் ஒரே மாதிரி என்றது. உள்ளே இருந்த உடல்கள் வேறு.

தெற்காசியர்களுக்குத் தோலுக்கடியில் கொழுப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் இடம் குறைவு என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் ஒப்பீட்டில் சொன்னால், நமக்கு வாய்த்த குதிர் சிறியது. பிறர் இன்னும் சில கிலோ ஏறும்வரை தாங்குவார்கள். நமக்கு அதற்கு முன்பே கூடத்தில் குவியத் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் கையும் காலும் குச்சியாக இருந்தும் வயிறு மட்டும் வருகிறது. நமக்கான அளவுகோல்களையும் மருத்துவர்கள் இறக்கி வைத்திருக்கிறார்கள்: மேலை நாட்டினருக்குப் பி.எம்.ஐ. 25க்கு மேல் கூடுதல் எடை, 30க்கு மேல் உடல்பருமன் என்றால், இந்தியர்களுக்கு 23, 25.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வந்தன. வயது வந்தவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம். பி.எம்.ஐ. கணக்கில் உடல்பருமன் 28.6 சதவீதம். வயிற்றுப் பருமனோ 39.5 சதவீதம். கடைசி இரண்டு எண்களுக்கும் இடையில் இருப்பவர்களை எடை இயந்திரம் காட்டிக்கொடுக்காது. என் அப்பா அந்த இடைவெளியில் இருந்தவர்.

சுருக்கமாக: எடையை மட்டும் வைத்து நிம்மதி அடைய முடியாது. கொழுப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பதுதான் அதிகம் கெடுக்கிறது.

வயிற்றுக்குள் இருப்பது பிரஷரை எப்படி ஏற்றும்?

கட்டுரையின் மையம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் தொடர்ந்து கசிகின்றன. குடலிலிருந்து கல்லீரலுக்கு நேராகச் செல்லும் ஒரு பெரிய இரத்தக்குழாய் உண்டு. கசிந்தவற்றில் ஒரு பங்கு அந்த வழியாகவே கல்லீரலில் போய் இறங்குகிறது. கல்லீரலில் கொழுப்பு அடைகிறது. அதற்குப் பிறகு அது இன்சுலினின் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. இன்சுலின் இருந்தும் உடலின் செல்கள் அதற்குக் கட்டுப்படாத நிலைக்கு இன்சுலின் தடை என்று பெயர். தாய் ஒருமுறை கூப்பிட்டு வராத பிள்ளையை நாலுமுறை உரக்கக் கூப்பிடுவதுபோல, கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இங்கேதான் சிக்கல். கல்லீரலும் தசையும் இன்சுலினுக்குக் காது கொடுக்காவிட்டாலும், சிறுநீரகம் அதைக் கேட்கிறது. அங்கே இன்சுலின் இடும் கட்டளை, 'உப்பை வெளியே விடாதே' என்பது. உப்பு தங்குகிறது, நீர் தங்குகிறது, சுற்றில் ஓடும் அளவு கூடுகிறது.

இரண்டாவது வழி நரம்புகள். கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. 'சேமிப்பு போதும்' என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. கொழுப்பு கூடக்கூட லெப்டினும் கூடுகிறது. காலப்போக்கில் பசியைக் குறைக்கும் அதன் பேச்சு மூளையில் எடுபடாமல் போகிறது. ஆனால் ஆபத்து நேரத்தில் இதயத்தை விரைவுபடுத்தி இரத்தக்குழாய்களைச் சுருக்கும் பரிவு நரம்புகளை அது தூண்டுவது மட்டும் நிற்பதில்லை. புலி துரத்தும்போது வேண்டியிருக்கும் பரபரப்பு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் மெல்லிய அளவில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மோட்டார் வேகமெடுக்கிறது.

மூன்றாவது வழி குழாய்கள். உடலில் இரத்தம் குறைந்துபோனால் குழாய்களைச் சுருக்கி, உப்பைப் பிடித்து வைத்து, உயிரைக் காக்க ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதற்கான மூலப்பொருளைக் கல்லீரல் தயாரிக்கிறது. கொழுப்புத் திசுவும் தயாரிக்கிறது. கொழுப்பு மிகும்போது, இரத்த இழப்பு எதுவும் இல்லாமலேயே அந்த அவசர ஏற்பாடு முடுக்கிவிடப்படுகிறது. பரவலாகக் கொடுக்கப்படும் பிரஷர் மாத்திரைகளில் பல இந்த ஏற்பாட்டை அடக்கத்தான் தரப்படுகின்றன என்பது கவனிக்க வேண்டிய விஷயம். இதோடு, குவிந்த கொழுப்பிலிருந்து அழற்சியைத் தூண்டும் பொருள்களும் இரத்தத்தில் கலக்கின்றன. ஈர நெல்லின் சூடு என்று சொன்னேனே, அதுதான். தமனிகள் தளர்ந்து விரிய அவற்றின் உட்சுவர் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு குறைகிறது. குழாய் இறுகுகிறது.

இன்னொன்று, யோசித்துப் பார்த்தால் எளிமையானது: நெருக்கடி. சிறுநீரகங்களைச் சுற்றியும் அவற்றின் குழிவுக்குள்ளும் கொழுப்பு அடையும்போது அவை நசுங்குகின்றன. நசுங்கிய சிறுநீரகம் உப்பை வெளியேற்ற மேலும் அதிக அழுத்தத்தைக் கேட்கிறது.

குறட்டையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கழுத்திலும் வயிற்றிலும் பருத்த பலருக்குத் தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும். ஒவ்வொரு முறையும் உடல் திடுக்கிட்டு விழிக்கிறது, பிரஷர் ஏறுகிறது. இரவு முழுவதும் இது நடந்தால் காலையில் மாத்திரை எப்படிப் போதும்? மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிரஷருடன் பலத்த குறட்டையும், பகலில் தூக்கமும் இருந்தால் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். அந்தச் செய்தி மனைவியிடமிருந்தோ கணவரிடமிருந்தோதான் வரும், தூங்குபவருக்குத் தெரியாது.

ஆக, உள்ளுறுப்புக் கொழுப்பு சுற்றில் நீரைக் கூட்டுகிறது, மோட்டாரை விரட்டுகிறது, குழாயை இறுக்குகிறது. பிரஷருக்குக் கோபம் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலமெல்லாம் இது உள்ளே நடந்துகொண்டிருந்தது.

இரண்டும் சேர்ந்தால்

வயிற்றுப் பருமன், உயர் அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை கூடுதல், டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு கூடுதல், எச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பு குறைவு ஆகிய ஐந்தில் மூன்று ஒருவரிடம் சேர்ந்தால் அதை வளர்சிதைமாற்றக் கூட்டுநோய் என்கிறார்கள். பிரஷரும் தொப்பையும் உள்ளவர் ஐந்தில் இரண்டை ஏற்கெனவே வைத்திருக்கிறார். இன்னும் ஒன்று போதும். அவர் சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடவே கூடாது என்று சொல்வது இதனால்தான்.

உயர் அழுத்தத்தை எதிர்த்து இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் தசை தடிக்கிறது. பருமனும் சேரும்போது அந்தச் சுமை கூடுகிறது. நாளடைவில் இதயம் களைத்துப்போகலாம். மூளையின் குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ பக்கவாதம். சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பழுதடைந்து சிறுநீரில் புரதம் கசியும்; தொடக்கத்தில் வலி எதுவும் இருக்காது. 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களை ஆராய்ந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, 2005இல் வெளியான கட்டுரையில், பி.எம்.ஐ.யைவிட இடுப்புக்கும் புட்டத்துக்கும் உள்ள விகிதமே மாரடைப்பைச் சரியாக முன்னறிவிக்கிறது என்று காட்டியது. அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கிய சலீம் யூசுப் கேரளத்தில் பிறந்தவர்.

'அரை' உயரத்தில் அரை

பேன்ட் அளவை வைத்து நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். 'கல்லூரியில் போட்ட அதே 34 இஞ்ச்தான் இன்றும் போடுகிறேன்' என்பார்கள். உண்மைதான்; ஆனால் அன்று தொப்புளருகே நின்ற பேன்ட் இன்று தொப்பைக்குக் கீழே நிற்கிறது. வேட்டியும் சேலையும் இன்னும் தாராளம். எவ்வளவு பெருத்தாலும் சொல்லாது.

தையல் டேப் ஒன்று போதும். சட்டையை விலக்கி, நேராக நில்லுங்கள். விலாவின் கடைசி எலும்பையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் பக்கவாட்டில் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை உள்ளே இழுக்காமல், இயல்பாக மூச்சு விட்ட பிறகு படியுங்கள். நம் நாட்டினருக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. ஏறத்தாழ 35.5 இஞ்ச், 31.5 இஞ்ச். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

டேப் இல்லையென்றால் ஒரு கயிறு போதும். தமிழில் 'அரை' என்றால் பாதி. 'அரை' என்றால் இடுப்பும்தான். அரைஞாண் கயிற்றில் இருப்பது அந்த அரை. உங்கள் உயரத்துக்கு ஒரு கயிற்றை வெட்டி, இரண்டாக மடித்து, விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றிப் பாருங்கள். முனைகள் தொட்டால் நல்லது. தொடாவிட்டால் அரை உங்கள் உயரத்தில் அரையைத் தாண்டிவிட்டது. 90 சென்டிமீட்டரை எட்டாதவர்களுக்கும் இது முன்கூட்டியே எச்சரிக்கை தரும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. மாதவிடாய் நின்ற பிறகு அதுவரை தொடையில் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்கும். குடும்பக் கட்டுப்பாடு அறுவைச் சிகிச்சையால் வயிறு வைத்துவிட்டது என்று எத்தனையோ அம்மாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தச் சிகிச்சையில் கருக்குழாயைத்தான் அடைக்கிறார்கள். கொழுப்பு அதனால் சேர்வதில்லை. பழியை அதன்மீது போட்டுவிட்டால் பிரஷரைப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

எது கரைக்கும், எது கரைக்காது

'இளைத்தவனுக்கு எள், கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியை நம்பிக் கொள்ளு ரசம் குடிப்பவர்கள் பலர். கொள்ளு நல்ல பயறு. புரதமும் நார்ச்சத்தும் உண்டு. சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் கொள்ளைச் சேர்த்தால் பயன். முழுத் தட்டுச் சோற்றுக்கு மேல் ரசமாகக் குடித்தால் தொப்பை எப்படிக் கரையும்? வயிற்றில் கட்டும் பெல்ட் வியர்வையைத்தான் எடுக்கும். படுத்து எழும் வயிற்றுப் பயிற்சி தசையை வலுப்படுத்தும். வயிற்றுக் கொழுப்பை மட்டும் தேடிப் பிடித்துக் கரைக்காது.

நல்ல செய்தி ஒன்று உண்டு. உடல் இளைக்கத் தொடங்கும்போது உள்ளுறுப்புக் கொழுப்பு விரைவாகக் குறைகிறது. தொடர்ந்து நடப்பவர்களுக்கு எடை பெரிதாக இறங்காவிட்டாலும் அது குறைவதுண்டு. எடை இயந்திரத்தைப் பார்த்து மனம் உடைவதற்கு முன் டேப்பைப் பாருங்கள். எடையில் ஒவ்வொரு கிலோ குறையும்போதும் மேல் அழுத்தம் சராசரியாக ஒரு புள்ளி இறங்குகிறது. 80 கிலோ உள்ளவர் 5 கிலோ குறைப்பது நடக்கக்கூடிய காரியம்.

வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை. பேசலாம், பாட முடியாது என்ற அளவு வேகம். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ, மீதிக் கால் பங்கு சோறு. மாலை டீயோடு வரும் வடை, பஜ்ஜி, பப்ஸ் ஆகியவற்றைத் தினசரி வழக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மதுவை விடுங்கள். உப்பு, நாளொன்றுக்கு ஒரு சிறு கரண்டி, அதாவது 5 கிராம், என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாயில் இருப்பதும் அதற்குள் அடக்கம். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

மாத்திரையை மட்டும் தாமாக நிறுத்திவிடாதீர்கள். இடுப்பு குறைந்து, அழுத்தமும் இறங்கினால் அளவைக் குறைப்பது மருத்துவரின் வேலை. சில நாட்களிலோ வாரங்களிலோ வயிறு திடீரென வீங்கி, காலும் வீங்கி, மூச்சு வாங்கினால் அது கொழுப்பாக இருக்காது. உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இப்போது என் வீட்டில் அம்மாவுக்குப் பிரஷர். அவருடைய நோட்டில் தேதி, மேல் எண், கீழ் எண் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. நான்காவதாக ஒரு கோடு போட்டு 'இடுப்பு' என்று எழுதியிருக்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, காபிக்கு முன், தங்கைதான் டேப் பிடிக்கிறாள். ஜனவரியில் 94. சென்ற வாரம் 89.